ஆன் ஆகிறது, ஆனால் நிற்கவில்லை: புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரின் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

போன ஆடியில் ஒரு ராத்திரி, மார்த்தாண்டத்திலிருந்து அக்கா மகன் போன் போட்டான். "மாமா, ஓன் ஆவுது, ஆனா நிக்கமாட்டேங்குது. ஒண்ணும் மனசிலாகல்ல."

பாகம் பாகமாக வாங்கி, இரண்டு நாள் வீடியோ பார்த்து அவனே பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, அப்புறம் சட்டென்று எல்லாம் அணைந்துவிடுகிறது. எனக்கு முன்னால் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறான். ஒருவர் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் பலகை) போய்விட்டது என்றாராம், ஒருவர் எஸ்.எம்.பி.எஸ் (மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்றாராம், மூன்றாமவர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு லேப்டாப் வாங்கச் சொன்னாராம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எத்தனை நொடியில அணையுது?"

"கொஞ்ச நேரத்துல."

"கொஞ்ச நேரம்னா? எண்ணிட்டு வா."

இந்த மாதிரிக் கோளாறில் நான் நம்புவது இந்தக் கணக்கைத்தான். எந்தப் பாகம் போயிருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பதை விட, எத்தனை நொடி ஓடுகிறது, அடுத்த தடவையும் அதே அளவு ஓடுகிறதா என்று பார்த்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். ஒரு பாகத்தையும் வாங்கவோ மாற்றவோ தேவையில்லை. போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

பேச்சுக்கு முன்னால் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் சி.பி.யூ என்றால் அந்த முழுப் பெட்டியையே சொல்கிறோம். இங்கே பெட்டியைக் கேபினட் என்றும், உள்ளே இருக்கும் சில்லைப் பிராசசர் என்றும் சொல்கிறேன்.

எண்ணும் முறை

கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிடுங்கள். பட்டனை அழுத்தும்போதே ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். அணைந்ததும் நிறுத்தி, நேரத்தைத் தாளில் எழுதுங்கள். உடனே இரண்டாவது முறை, உடனே மூன்றாவது முறை. அப்புறம் பதினைந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு நான்காவது முறை. இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அரை நொடிகூட ஓடாமல், ஃபேன் ஒரு துடி துடித்துவிட்டு நின்றால், எங்கேயோ ஷார்ட் ஆகிறது. ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்த மாதிரி நான்கு, ஐந்து நொடி என்றால் பவர் பட்டனைச் சந்தேகப்படுங்கள். முதல் முறை நாற்பது நொடி, அடுத்தது இருபது, அதற்கடுத்தது பத்து, ஓய்வுக்குப் பிறகு மறுபடி நாற்பது என்றால் சூடு. தானாக அணைந்து தானாகவே ஆன் ஆகி, திரும்பத் திரும்ப அப்படியே செய்தால் ரேம், பயாஸ் (ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்), பிராசசருக்குப் போகும் மின்கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று. விண்டோஸ் வரை போய், கேம் போட்டால் மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ் அல்லது யூ.பி.எஸ். எந்தக் கணக்கிலும் சிக்காமல் ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் மூன்று மணி நேரம் என்று போக்குக் காட்டினால் கேபினட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதுப் போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ஒருமுறை அணைந்து, தானே மறுபடி ஆன் ஆவது சகஜம். ரேம் வேகத்தை மாற்றினாலோ பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ கூட அப்படிச் செய்யும். ஒரே ஒரு முறை என்றால் அது கோளாறு இல்லை.

முதலில் சுவர்ப் பக்கம்

உள்ளே கை வைக்கும் முன் பிளக், ஸ்பைக் பஸ்டர், யூ.பி.எஸ் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஸ்பைக் பஸ்டரையும் யூ.பி.எஸ்ஸையும் ஒதுக்கிவிட்டு, நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையாமல் ஓடினால் கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தனிச் சங்கதி உண்டு. வீட்டுக்கு வீடு கல்ஃபில் ஒருவர் இருப்பதால், எஸ்.எம்.பி.எஸ்ஸோ அதன் கேபிளோ அங்கிருந்து வந்திருக்கும். அந்த ஊர் பிளக்கில் மூன்று பட்டைக் கால்கள். அதை நம் சாக்கெட்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வைப்பார்கள், அது பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். மேசையில் கை பட்டால் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் இதுதான். நம் ஊர் மூன்று உருண்டைக் கால் வைத்த கேபிள் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும், அதை வாங்கி மாட்டிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்து ஆன் செய்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, வெடிச் சத்தமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

அடுத்து எர்த். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா, டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. இதனால் மட்டும் கம்ப்யூட்டர் அணைவது அபூர்வம்தான். ஆனாலும் வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உள்ளே கை வைத்து வேலை செய்யப் போவது நீங்கள். மழைக்காலம் இரண்டு உள்ள மாவட்டம் இது. தென்னை ஓலையும் ரப்பர்க் கொம்பும் லைனில் விழாத வாரமில்லை. எர்த் இல்லாத வீட்டில் விலையுயர்ந்த கம்ப்யூட்டரை வைப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வதுதான்.

உள்ளே கை வைக்கும் முன்

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின் ஸ்விட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை பத்து நொடி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். வெறுங்கையால் கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டுப் பாகங்களைத் தொடுங்கள். நிலையான மின்சாரத்தைப் பற்றி வீடியோக்களில் ரொம்பப் பயமுறுத்துவார்கள். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அது குளிர்நாடுகளில் சேருகிற அளவு சேராது. இருந்தாலும் தொட்டுவிட்டுத் தொடுவதில் நட்டமில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை எந்தக் காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு உலை வைக்கும் அளவு வோல்டேஜ் தங்கியிருக்கும்.

அரை நொடியில் அணைந்தால்

நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஷார்ட்டைக் கண்டதும் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் அசையாது. பின் ஸ்விட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் அடுத்த துடிப்பு வரும். இப்படி நடந்தால் எஸ்.எம்.பி.எஸ் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். பலர் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். காவலுக்கு நிற்பவனைத் திருடன் என்று பிடிக்கிற கதை.

தேட வேண்டிய முதல் இடம் மதர்போர்டின் அடி. கேபினட் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே சிறு பித்தளைத் தாங்கிகள் இருக்கும், ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள். பெரிய ஏ.டி.எக்ஸ் போர்டுக்கு ஒன்பது வேண்டும், சின்னப் போர்டுக்குக் குறைவு. கேபினட் கம்பெனி எல்லா அளவுக்குமாகச் சேர்த்து மாட்டி அனுப்பியிருந்தால், போர்டில் ஓட்டை இல்லாத இடத்திலும் ஒரு தாங்கி நின்று அடியில் இருக்கும் ஈயப்பற்றுகளைத் தொடும். போர்டைக் கழற்றி, ஓட்டைகளையும் தாங்கிகளையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விழுந்து காணாமல்போன ஆணி ஏதாவது இருந்தால் அதுவும் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டாவது இடம் பின்பக்கத் தகடு. யூ.எஸ்.பி, லேன் போர்ட்டுகளைச் சுற்றி வரும் அந்த மெல்லிய தகட்டில் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். பூட்டும்போது ஒரு நாக்கு மடங்கி யூ.எஸ்.பி ஓட்டைக்குள் போயிருக்கும். வெளியிலிருந்து டார்ச் அடித்தாலே தெரியும். சில போர்டுகள் இதைக் கண்டுபிடித்தால், யூ.எஸ்.பியில் அதிக மின்சாரம் பாய்கிறது, 15 நொடியில் அணைக்கப் போகிறேன் என்று திரையில் எழுதிவிட்டு அணையும். கேபினட்டின் முன்பக்க யூ.எஸ்.பி கேபிளை மாட்டும்போது ஒரு கால் வளைந்திருந்தாலும் இதே கதைதான். அந்தக் கேபிளை உருவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, தப்பான கேபிள். பிராசசருக்குப் போகும் எட்டுக்கால் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கு உள்ளது 6+2 ஆகப் பிரியும். இரண்டையும் மாற்றிச் செருக முடியாதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள், ஆனால் நம் ஆட்களின் பலத்துக்கு அது தாங்காது. இரண்டிலும் பாசிட்டிவும் நெகட்டிவும் நேரெதிர்ப் பக்கம், அழுத்தித் திணித்தால் ஷார்ட்தான். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்.எம்.பி.எஸ்ஸில் வேறு கம்பெனிக் கேபிளைப் பயன்படுத்துவது அதைவிட ஆபத்து. முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

நான்கு நொடி: என் சொந்தக் கதை

நான் முதன்முதலில் பூட்டிய கம்ப்யூட்டர் இப்படித்தான் அழ வைத்தது. ஆன் ஆகும், நான்கு நொடி ஓடும், அணையும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு எஸ்.எம்.பி.எஸ் மாற்றினேன். மறுபடி அதே நான்கு நொடி. ரேமை மாற்றிப் போட்டேன். அதே நான்கு.

கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பவர் பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்து அணைக்கிறோம் இல்லையா? அதுதான் விஷயம். என் கேபினட்டில் பட்டனின் பிளாஸ்டிக் மூடி ஓரத்தில் உரசி, உள்ளே அழுந்தியபடியே மாட்டிக்கொண்டிருந்தது. யாரோ விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போர்டு நினைத்தது, சொன்னபடி அணைந்தது. அதன்மேல் தப்பே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குக் கொடுத்த காசு மட்டும் போனது.

சோதிப்பது சுலபம். போர்டின் கீழ் வலது ஓரத்தில் கேபினட்டின் முன்பக்க வயர்கள் மாட்டும் ஒன்பது கால் கொத்து இருக்கும். எது எந்தக் கால் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். பவர் ஸ்விட்ச் வயரை உருவிவிட்டு, அந்த இரண்டு கால்களையும் திருப்புளி முனையால் ஒரே ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும். திருப்புளியை எடுத்துவிட்டு எண்ணுங்கள். நான்கைத் தாண்டி ஓடினால் குற்றவாளி பட்டன். அதைப் பழுது பார்க்கும்வரை ரீசெட் பட்டனின் வயரைப் பவர் கால்களில் மாட்டி ஓட்டலாம். ஸ்விட்ச் வயருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி. லைட் வயர்களுக்கு மட்டும் உண்டு.

ரீசெட் பட்டன் இப்படிச் சிக்கிக்கொண்டால் படம் வராமலே கிடக்கும், அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அந்த வயரையும் உருவிவிட்டுச் சோதிப்பது நல்லது.

நாற்பது, இருபது, பத்து

மார்த்தாண்டத்துக்கு வருவோம். அரை மணி நேரம் கழித்து அக்கா மகன் எண்களோடு வந்தான். முதலில் ஐம்பத்தைந்து, அப்புறம் முப்பது, அப்புறம் பதினெட்டு. நான்காவது முறைக்கு ஓய்வு கொடுத்தான், மறுபடி ஐம்பதுக்கு மேல். இதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. பிராசசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. ஆறவிட்டால் அதிக நேரம் ஓடுகிறது, ஆறாமல் போட்டால் சீக்கிரம் அணைகிறது.

இப்போதைய இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வரை தாங்கும், ஏ.எம்.டியின் ரைசன்கள் 90, 95 வரை. அந்த எல்லையை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். பிராசசரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலர் ஒழுங்காக ஒட்டியிருந்தால் வேலையில்லாத நேரத்தில் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே செய்யாது. ஆன் ஆனவுடன் டெலிட் பட்டனைத் தட்டிப் பயாசுக்குள் போய் வெப்பநிலையைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் 40, 50 என்று நின்றால் சரி. கண் முன்னாலேயே 70, 80, 90 என்று ஏறினால் கூலரைக் கழற்றத்தான் வேண்டும்.

மறுநாள் காலை நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறிப் போனேன். அவனுடையது இன்டெல்லோடு வரும் கூலர், நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால். மேலிருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்த மாதிரித்தான் இருந்தது. கூலரை லேசாக ஆட்டினேன், ஒரு பக்கம் தூக்கியது. போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். மூன்று ஓட்டைகளில் பிளவுபட்ட பிளாஸ்டிக் காலும் அதன் நடுவே விரித்துப் பிடிக்கும் கறுப்பு ஆணியும் வெளியே வந்திருந்தன. நான்காவது ஓட்டையில் காலின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது, ஆணி வரவில்லை. கூலரின் அடியில், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு பாதி நன்றாக நசுங்கி, மறு பாதி கம்பெனியில் தடவிய கோடு அழியாமல் அப்படியே இருந்தது.

இந்தக் கூலரை மாட்டும் முறை இது. போர்டு கேபினட்டுக்கு வெளியே, பெட்டியின் மேல் இருக்கட்டும். நான்கு கால்களின் தலையும் ஆரம்ப நிலையில் இருக்க வேண்டும். தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது மாட்டத் திருப்புவதற்கு இல்லை, கழற்றத் திருப்புவதற்கு. பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நான்கு காலும் ஓட்டையில் நேராக நின்ற பிறகு, எதிரெதிர் மூலைகளாக இரண்டு பெருவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். க்ளிக் என்று சத்தம் வரும். போர்டு வளைகிறதே என்று மனசு பதறும், பரவாயில்லை. நான்கு க்ளிக் கேட்டதும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், நான்கு கறுப்பு ஆணியும் ஒரே அளவு தெரிய வேண்டும்.

கழற்றினால் பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் வைக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவு போதும், தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விட வேண்டாம். ஏ.எம்.டியின் ஏ.எம்4 சாக்கெட் பிராசசர் என்றால் கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரே கால்களோடு சாக்கெட்டிலிருந்து உருவி வந்துவிடும். சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், சர்வீஸ் கடைக்காரர்களும் மறப்பதுண்டு. பழைய இன்டெல் கூலரை எல்.ஜி.ஏ 1700 சாக்கெட் உள்ள போர்டில் மாட்டப் பார்த்தாலும் இதே கோளாறு வரும். ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப்புக்கு மின்சாரம் போகிறதா என்று குழாயில் கை வைத்துப் பாருங்கள், லேசான அதிர்வு தெரிய வேண்டும்.

அணைந்து அணைந்து எரிந்தால்

முதலில் பொறுமை. டி.டி.ஆர்5 ரேம் உள்ள போர்டுகள், முக்கியமாக ஏ.எம்.டியின் ஏ.எம்5, முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ரேம் அதிகமென்றால் பத்து நிமிடம்கூட ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும், ரேமுக்கான விளக்கு எரியும், இடையில் ஒன்றிரண்டு முறை தானாக ரீஸ்டார்ட்கூட ஆகலாம். அதைக் கோளாறு என்று நினைத்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

அதற்கப்புறமும் சுற்றிக்கொண்டே இருந்தால் பல போர்டுகளின் ஓரத்தில் இருக்கும் நான்கு சின்ன விளக்குகளைப் பாருங்கள். பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். எந்த விளக்கில் நின்றுபோகிறதோ அங்கே தேட வேண்டும்.

ரேம் விளக்கு என்றால் இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போடுங்கள். இரண்டு பக்கமும் கிளிப் தானாக மூடும்வரை அழுத்த வேண்டும், ஒரு பக்கக் கிளிப் மட்டும் உள்ள போர்டில் மறுபக்கம் உட்காராமலே இருந்துவிடும். பிறகு மற்ற ரேம். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால் இரண்டாவதும் நான்காவதும், அடுத்தடுத்த ஸ்லாட்டில் அல்ல. கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் ரேம், அதுவும் குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர வீட்டில் இருந்தது என்றால், தங்க நிறக் காலில் உப்புக்காற்றின் கறை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் லேசாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடுங்கள். ரப்பர் விளையும் ஜில்லாவில் ரப்பருக்கா பஞ்சம்?

பிராசசர் விளக்கு என்றால் மேல் இடது மூலையில் இருக்கும் எட்டுக்கால் மின்கேபிள் மாட்டியிருக்கிறதா பாருங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம், அது இல்லாமலும் ஃபேன் சுற்றும் என்பதால் சந்தேகமே வராது. அது சரியாக இருந்தால் பயாஸ். போர்டு பழையது, பிராசசர் புதியது என்றால் போர்டுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை, பி660 போர்டில் இன்டெல் 14-ஆம் தலைமுறை எல்லாம் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. பின்பக்கம் பயாஸ் பிளாஷ்பேக் பட்டன் இருந்தால், பிராசசர் வேலை செய்யாமலே பென்டிரைவ் வழியாகப் பயாசைப் புதுப்பிக்கலாம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், ஃபைலின் பெயரும் செருகும் போர்ட்டும் புத்தகத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு படுத்துவிடலாம். ஐப்பசி அடைமழையில் இடி இடிக்கும் மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எதுவும் பிடிபடாவிட்டால் பயாஸ் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருக்கும், சி.ஆர்2032. மின்சாரம் இல்லாத நிலையில் ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

மேலே சொன்ன எதிலும் சிக்காத கோளாறுக்கு ஒரே வழி, கேபினட்டை விட்டு வெளியே வருவது. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். வெள்ளிநிற உறையின் மேல் வைக்காதீர்கள், சில உறைகளின் வெளிப்புறத்தில் மின்சாரம் பாயும். பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ்ஸின் இரண்டு கேபிள்கள் (போர்டுக்கு 24 கால், பிராசசருக்கு எட்டுக்கால்), அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க வயர் எதுவும் வேண்டாம். திருப்புளியால் ஆன் செய்யுங்கள்.

இங்கே அணையாமல் ஓடினால் கோளாறு கேபினட்டிலோ மாட்டாமல் விட்ட பாகத்திலோ இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பாகம், அவசரப்பட்டு இரண்டைச் சேர்க்காதீர்கள். இங்கேயும் அணைந்தால் போர்டு, பிராசசர், கூலர், ரேம், எஸ்.எம்.பி.எஸ் ஆகிய ஐந்தில் ஒன்று. படம் வரவில்லையே என்று இப்போது பதற வேண்டாம். இன்டெல்லில் பெயர் முடிவில் எஃப் உள்ள பிராசசருக்கும், ஏ.எம்4 ரைசனில் ஜி இல்லாத பெரும்பாலானவற்றுக்கும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் படம் வராது. நமக்கு வேண்டியது அணையாமல் ஓடுகிறதா என்பதுதான்.

எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சோதிக்க நண்பரிடம் நல்லதாக ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குவதே மேல். கேட்க ஆளில்லையென்றால், எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, 24 கால் முனையில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்த பிறகு பின் ஸ்விட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. குறைந்த சுமையில் ஃபேனே சுற்றாத மாடல்களும் உண்டு, அதனால் மல்டிமீட்டர் வைத்து மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இதில் தேறினாலும் சுமை ஏறும்போது தாங்கும் என்று அர்த்தமில்லை.

கேம் போட்டால் மட்டும் அணைந்தால்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்தான் இங்கே முதல் சந்தேகம். வெளியே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றால் கணக்கு என்ன? 192 வாட். ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் கேட்கும், பிராசசருக்கு என்ன மிஞ்சும்? கார்டில் இரண்டு மின்முனைகள் இருந்தால் ஒரே கேபிளின் இரண்டு வால்களை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள்.

யூ.பி.எஸ்ஸும் இப்படி ஏமாற்றும். 600 வி.ஏ என்பது பொதுவாக 360 வாட்தான். மானிட்டரும் சேர்ந்தால் கேம் நடுவே ஓவர்லோட் ஆகி எல்லாம் இருண்டுவிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் மட்டும் அணைந்தால் மாறும் நேரம் காரணம். எஸ்.எம்.பி.எஸ் கரண்ட் இல்லாமல் 15, 20 மில்லி செகண்டுதான் மூச்சுப் பிடிக்கும். பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டால் வேகமாக மாறும். சைன் வேவ் தராத பழைய இன்வெர்ட்டரென்றால் அதுவும் போதாமல் போகலாம்.

விண்டோஸ் நடந்ததை எல்லாம் எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து அதையே நோய் என்று நினைக்காதீர்கள். முறையாக அணைக்காமல் நின்றுவிட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. 1074 என்று இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம், பெரும்பாலும் அப்டேட், தானே ரீஸ்டார்ட் செய்திருக்கிறது, அப்போது திருப்புளியைக் கீழே வைத்துவிடலாம்.

கடைக்குப் போகும் முன்

பாகம் எதுவென்று தெரிந்துவிட்டால் கடைக்கு அந்தப் பாகத்தை மட்டும் கொண்டுபோங்கள், பெட்டியும் பில்லும் சேர்த்து. முழுக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் வழியில் கூலர் ஆடி இரண்டாவது கோளாறு வந்து சேரும். மதர்போர்டைக் கொடுப்பதானால், சாக்கெட்டின் கால்கள் தெளிவாகத் தெரியும்படி கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிராசசர் சாக்கெட்டுக்கு மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்திருந்தால் வாரண்டிக்கு எடுக்க மறுப்பதுண்டு. அக்கா மகன் அதைக் குப்பையில் போட்டிருந்தான். நல்லவேளை, குப்பைக்கூடையை அக்கா இன்னும் தெருவில் கொட்டவில்லை.